குதிரை வாலை மேய்ந்தது யார்?

போன ஞாயிறு மாலை எங்கள் தீவில், ஹேடோ துறைமுகப் பக்கம், ஒரு கல்யாண ஊர்வலம். பேண்ட் முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை குதிரை மேல். அந்த நடுரோட்டில், பட்டுப்புடவையோடு, நான் ஒரு காளை மாட்டுடன் இழுபறிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தேன். அது ஒரு பக்கம் இழுக்க... நான் ஒரு பக்கம் இழுக்க...

எதை இழுத்தோம் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

யாரோ எடுத்துப் பரப்பிய வீடியோவைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்திருப்பீர்கள். "மேடம், அது நீங்கதானா?" என்று வந்த மெசேஜ் எதற்கும் நான் பதில் போடவில்லை. மொத்தமாக இங்கேயே போட்டுவிடுகிறேன். ஆமாம், நான்தான்.

அதற்கு முன்னால் உங்களிடம் இரண்டு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றை இப்போதே கேட்டுவிடுகிறேன். இன்னொன்றுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். போகப் போகப் பார்க்கலாம்.

ஒரு மாதம் முன்பு, குதிரையும் மாடும் ஒரே மேய்ச்சலில் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன என்று இதே பக்கத்தில் உருகி உருகி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? "ஐந்தறிவுக்குத் தெரிந்த ஒற்றுமை ஆறறிவுக்குத் தெரியவில்லையே!" என்று வேறு முடித்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அதைப் பிரேயரில் வாசித்தார்களாம். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் தயவுசெய்து அதை மறந்துவிட வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. பெரிசாக ஒன்றுமில்லை — நாலு தென்னை, ஒரு பலா, சுற்றிலும் முள்கம்பி. அதில் லட்சுமி, கங்கா என்று இரண்டு பசுக்கள். லட்சுமியின் கன்றுக்குட்டி பொட்டு. காலையில் பால் கறந்துவிட்டு, பஸ் பிடித்து ஹேடோவுக்குப் போய், மெயின்லேண்டிலிருந்து வரும் சரக்குகளுக்குப் பேப்பர் பார்ப்பது என் உத்தியோகம். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார். சாணி அள்ளுவது அவர் டிபார்ட்மெண்ட்.

இந்தக் குடும்பத்துக்குள் குதிரையைக் கொண்டுவந்து விட்டவன் முருகேசன். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அவன் அப்பா அம்மா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். அந்த வம்சத்திலேயே குதிரையைத் தொட்ட முதல் ஆள் இவன்தான். பத்து வருஷம் டூரிஸ்ட் ஜீப் ஓட்டியவன், திடீரென்று ஒரு நாள் ஜீப்பை விற்றுவிட்டு மெயின்லேண்ட் போய் ஒரு குதிரையோடு கப்பலில் வந்து இறங்கினான். செவலைக் குதிரை. கன்னங்கரேலென்று வால், குளம்பைத் தொடும் நீளம். மூன்று நாள் கடலில் ஆடாமல் அசையாமல் நின்றே வந்ததால் பெயர் கேப்டன்.

குதிரை வந்துவிட்டது. கட்டி வைக்க இடம்?

"அக்கா, ஒங்க மாட்டோட மாடா இதையும் வுட்டுக்கவா?" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"தாராளமா விடுப்பா. ஒரு முடிகூடக் குறையாது. நான் பொறுப்பு."

நாக்கில் சனி என்பார்களே, அது இதுதான். வேறு எத்தனையோ வார்த்தை இருக்க, முடி என்று ஏன் சொன்னேன்?

முதல் இரண்டு நாள் கேப்டன் பி.டி. மாஸ்டர் வேலை பார்த்தது. லட்சுமியையும் கங்காவையும் பலாமரத்தைச் சுற்றி ஓட ஓட விரட்டியது. மூன்றாம் நாள் லட்சுமி திரும்பி நின்று கொம்பைக் காட்டினாள். அன்றோடு வகுப்பு முடிந்தது. அதன் பிறகு குதிரை குட்டைப் புல்லை ஒட்ட நறுக்கும். மாடுகள் நீளப் புல்லை நாக்கால் சுருட்டும். மாடு முகம் சுளித்து ஒதுக்கிய இடத்தில் குதிரை போய் மேயும். சண்டையே இல்லை. இதைப் பார்த்துத்தான் நான் மயங்கிப்போய்ப் பத்தி எழுதியது.

தினமும் விடியற்காலையில் கேப்டனை பீச்சுக்கு ஓட்டிப் போய் டூரிஸ்ட் பிள்ளைகளைச் சவாரி ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு முருகேசன் திரும்ப விட்டுவிடுவான். "வர்றப்போ கடல்ல நல்லா முக்கிக் குளிப்பாட்டிட்டு வா. உண்ணி கிண்ணி எல்லாம் செத்துடும்" என்று யோசனை சொன்னது யார்? அதுவும் நான்தான். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

இந்த நேரத்தில் எங்கள் கொட்டகையில் தொங்கவிட்டிருந்த தாது உப்புக் கட்டி தீர்ந்துபோனது. மாடுகள் நாள் முழுக்க நக்குமே, அந்தக் கட்டி. கடையில் கேட்டால், "ஷிப் ஆனே தோ" — கப்பல் வரட்டும். கப்பலோ வானிலை சரியில்லை என்று சென்னையிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தச் சரக்குக்குப் பேப்பர் பார்க்கிறவளே நான்தான், எனக்குத் தெரியாதா? சரி, வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டேன். தீவுக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. வெங்காயமா, கப்பல் வரட்டும். சைக்கிள் டியூபா, கப்பல் வரட்டும். நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு உப்புக்குக் கப்பலை எதிர்பார்க்கிற ஜனம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? சமையல்கட்டில் இருந்த கல்லுப்பில் ஒரு கை அள்ளிப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் கேப்டனின் வால் குட்டையாகத் தொடங்கியது.

முதலில் குளம்பிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. அப்புறம் முழங்காலுக்கு. முருகேசன் பதறிவிட்டான். பதறாமல் என்ன செய்வான்? எங்கள் ஆபீஸ் மேலதிகாரி பாண்டே ஸார் மகன் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை ஏற, கேப்டனைத்தான் புக் பண்ணியிருந்தார்கள். குதிரை வாங்கியதில் இருந்து அவன் காத்திருந்த முதல் கல்யாணம். இதில் பேர் வாங்கினால் ஊரில் உள்ள கல்யாணமெல்லாம் தேடி வரும். சொதப்பினால், குதிரையைத் திரும்பக் கப்பலேற்ற வேண்டியதுதான். மிஸஸ் பாண்டே போட்டோவில் அந்த வாலைப் பார்த்துத்தான் சம்மதித்தாராம். வாலைப் பின்னிப் பூச்சரம் சுற்ற வேண்டும் என்று தனியாக ஆர்டர் வேறு.

"யாரோ வெட்டுறாங்க அக்கா. மெய்யாலுமே சொல்றேன். பகல்ல ஆள் இல்லாதப்போ வந்து வெட்டிட்டுப் போறாங்க."

எனக்கு உடனே பக்கத்து வீட்டு மண்டல் தாதா மேல் சந்தேகம் விழுந்தது. பெங்காலிக்காரர்; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். தூண்டிலும் கையுமாக இருப்பவர். குதிரை முடியில் தூண்டில் நரம்பு திரிப்பார்கள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். நேராகப் போய்க் கேட்டே விட்டேன்.

மனுஷன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரே தீதி... நைலான் கே ஜமானே மே கோடா?" என்றார். நைலான் வந்துவிட்ட காலத்தில் யாராவது குதிரையைத் தேடிப் போவார்களா என்று அர்த்தம். உள்ளே போய் ஒரு கட்டு நைலான் நரம்பைக் கொண்டுவந்து காட்டி, அதோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரர் வாயே திறக்காத மனிதர். அன்றைக்குத் திறந்தார். "நாலு நாளா சாணியில முடி முடியா வருது."

"உங்க தலையில இருந்து விழுந்திருக்கும்" என்றேன், யோசிக்காமல்.

"என் தலையில இருந்தா?"

அவர் தலையைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. துப்பறியும் ஆர்வத்தில் இருந்தேன்.

வியாழக்கிழமை சி.எல். போட்டேன். கல்யாணத்துக்கு மூன்றே நாள். பத்து மணிக்கு முருகேசன் கேப்டனைக் கொண்டுவந்து விட்டான். நானும் அவனும் பலாமரத்துக்குப் பின்னால் பதுங்கினோம். அவன் கையில் உலக்கை. என் கையில் முறுக்கு டப்பா. எவ்வளவு நேரம் ஆகுமோ என்று.

கால் மணிநேரம்கூட ஆகவில்லை.

கடலில் குளித்த கேப்டன் வெயிலில் வந்து நின்றது. ஈர வால் காய்ந்து, முடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. லட்சுமி மெதுவாக வந்தாள். பின்னால் கங்கா. அவள் பின்னால் பொட்டு. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். லட்சுமி நாலு நக்கு நக்கிவிட்டு நகர்ந்தாள். கங்காவும் நக்கினாள். பொட்டுக்கு அந்தப் பொறுமை எல்லாம் இல்லை. வாலை வாய்க்குள் வாங்கி, சேமியா உறிஞ்சுகிற மாதிரி உள்ளே இழுத்து, கடவாய்ப்பல்லில் வைத்து நறநறவென்று அரைத்தது.

கேப்டன்? உதைக்க வேண்டாமா? கத்த வேண்டாமா? கண்ணை மூடி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, சலூனில் தலை மசாஜுக்கு உட்கார்ந்தவர் போல சொக்கி நின்றது.

முருகேசன் கையிலிருந்த உலக்கை நழுவி விழுந்தது. ஓடிப்போய்ப் பொட்டுவின் வாயிலிருந்து வாலைப் பிடுங்கினோம். வெளியே வந்தது பாதிதான். மிச்சம் இருந்தது ஒரு சாண். குதிரைக்குப் பின்னால் யாரோ ஷேவிங் பிரஷ்ஷைச் செருகி வைத்த மாதிரி இருந்தது.

முருகேசன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா... ஒங்கள நம்பித்தானே வுட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கண்ணில் தண்ணீர்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கன்றுக்குட்டி என்னுடையது. உப்பு வைக்காதவள் நான். கடலில் குளிப்பாட்டச் சொன்னதும் நான். ஒரு முடிகூடக் குறையாது என்று வாக்குக் கொடுத்ததும் நான்!

அன்றைக்குச் சாயங்காலம் என்னென்னவோ செய்து பார்த்தோம். தேங்காய் நாரைக் கறுப்பு ஷூ பாலிஷில் முக்கினோம். தரை துடைக்கிற மாப் மாதிரி வந்தது. மண்டல் தாதாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு நைலான் நரம்பு வாங்கி வந்தோம். வெயிலில் அது பளபளவென்று பச்சையாக மின்னியது. வெள்ளிக்கிழமை அபர்தீன் பஜாரில் ஃபேன்சி கடைக்குப் போய், "சவுரி இருக்கா? நல்ல நீளமா?" என்று கேட்டேன்.

"இருந்ததே ஆறு. போன வாரமே ஆறும் போச்சு. இனி ஷிப் வந்தாத்தான்" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்தேன். வேலியோரம் முருகேசன் நின்றான். மனசு இளகி மண்டல் தாதாவும் வந்து நின்றார். வீட்டுக்காரரும் இருந்தார். மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இங்கேதான் அந்த இரண்டாவது மன்னிப்பு வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்தப் பத்தியின் தலையில் வருகிற போட்டோவில் நான் தோளுக்கு முன்னால் போட்டிருக்கிறேனே, உலக்கை மாதிரி ஒரு பின்னல்... அதைப் பார்த்து எத்தனை பேர் எழுதினீர்கள்! "என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் மேடம்?" என்று. நானும் செம்பருத்தி, வெந்தயம், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்த் தைலத்தைப் பற்றி ஒரு வாரம் முழுப் பக்கத்துக்கு எழுதினேன். தைலம் உண்மை. தேய்த்ததும் உண்மை. முடி மட்டும் மதுரையில் வாங்கியது.

பதினோரு வருஷமாக என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீஸில் என் பின்னலைத் தொட்டுக் கும்பிடாத குறை.

உள்ளே போனேன். பீரோவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். பாண்டே வீட்டுக் கல்யாணத்துக்கு ஆபீஸே வரும். அங்கே நான் எதை வைத்துப் போவேன்? இருக்கிற ஒரே சவுரி — எனக்கா, குதிரைக்கா?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முருகேசன் அந்தத் தேங்காய் நார் வாலை மறுபடியும் எடுத்து, எப்படியாவது வாலாகிவிடாதா என்று சீப்பால் வாரிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

சவுரியைக் கொண்டுபோய் வேலி மேல் போட்டேன். மூவரும் சவுரியைப் பார்த்தார்கள். அப்புறம் என் தலையைப் பார்த்தார்கள். மண்டல் தாதா பீடியைப் பற்றவைக்க மறந்தார்.

"அக்கா..." என்றான் முருகேசன் மெதுவாக, "என் சம்சாரம் ரெண்டு வருசமா ஒங்க தைலத்தத்தானே தேய்க்கிறா?"

"வாயை மூடிட்டுக் கட்டுப்பா!" என்றேன்.

கட்டியது மண்டல் தாதா. மிச்சமிருந்த ஒரு சாண் முடியோடு சவுரியைச் சேர்த்து, நைலான் நரம்பால் இறுக்கினார். "யே சுர்மாயி கா கான்ட் ஹை தீதி. நஹீ சூட்டேகா." வஞ்சிர மீனுக்குப் போடுகிற முடிச்சு, அவிழவே அவிழாது என்றார். நிறம் அச்சாகப் பொருந்தியது. சனிக்கிழமை முழுக்க நான் அதில் என் தைலத்தை ஊற்றி ஊறவைத்தேன். கொடுப்பது என்று ஆனபிறகு குறை வைக்கக்கூடாது அல்லவா?

ஞாயிறு மாலை. என் சொந்த எலிவாலைக் கொண்டையாகச் சுருட்டி, அதன் மேல் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். வடக்கத்திக் கல்யாணம், மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு சாக்கு. மிஸஸ் பாண்டே அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். நம்ம வழக்கத்தை இந்த மதராஸி அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று தன் மருமகள்களிடம் காட்டினார்.

கேப்டன் ராஜா மாதிரி நடந்தது. பின்னலில் சாமந்தியும் மல்லிகையும். பெண்கள் எல்லோரும் வாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முருகேசன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. நான் மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டு ஓரமாக நடந்தேன்.

ஹேடோ முக்கில் ஒரு காய்கறிக் கடை. அதன் வாசலில் படுத்திருந்த ஒரு காளை மாடு... எழுந்தது. மூக்கை உயர்த்தியது.

செம்பருத்தி. வெந்தயம். கறிவேப்பிலை. தேங்காய். மேலே சாமந்திப்பூ. யோசித்துப் பாருங்கள், நான் ஊறவைத்தது தைலமா, மாட்டுத் தீவனமா?

நேராக வந்து பின்னலின் நுனியைக் கவ்வியது காளை. இழுத்தது. வஞ்சிர முடிச்சு அவிழவில்லை. கேப்டன் நின்றது. மாப்பிள்ளை பின்பக்கமாகச் சாய்ந்து, தலைப்பாகை கண்ணுக்கு இறங்க, ஆகாயத்தைப் பார்த்தான். பேண்ட் சத்தம் அறுந்து நின்றது. முருகேசன் முன்னால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வேலியோரம் பார்த்த அதே பார்வை.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஓடினேன். பின்னலின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்தேன். பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த நிசப்தத்தில், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"விடுடா என் முடியை!"

முக்காடு விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. எலிவால் வெளியே வந்தது. காளை பயந்துபோய்ப் பின்னலை விட்டுவிட்டு, ஒரே ஒரு சாமந்திச் சரத்தோடு ஓடிப்போனது.

"க்யா போலா?" என்றார் மிஸஸ் பாண்டே. என் ஆபீஸ் தோழி விஜயா, திருநெல்வேலிக்காரி, கடமை தவறாமல் அதை வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னாள். எல்லோரும் வாலைப் பார்த்தார்கள். என் தலையைப் பார்த்தார்கள். மறுபடி வாலைப் பார்த்தார்கள்.

பூமி பிளக்கவில்லை. காத்திருந்தேன், பிளக்கவே இல்லை.

மிஸஸ் பாண்டே என் பக்கத்தில் வந்தார். விழுந்த முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு பேண்டுக்காரர்களைப் பார்த்து, "பஜாவ்!" என்றார். பேண்ட் மறுபடி அடித்தது. கேப்டன் நடந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்தான். விருந்தின்போது ஒருவர் என் காதருகே குனிந்து, "என்னுதும் டூப்ளிகேட்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். சாப்பாடு முடிவதற்குள் மொத்தம் ஆறு பேர். அபர்தீன் பஜாரில் ஆறும் எங்கே போனது என்று எனக்கு அப்போது புரிந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கை மேல் அடித்து வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முருகேசனுக்கு மூன்று கல்யாணம் புக் ஆகிவிட்டது. மூன்று பேரும் போட்ட ஒரே கண்டிஷன் — அதே வால் வேண்டும்.

கேப்டன் இப்போதும் எங்கள் மேய்ச்சலில்தான் இருக்கிறது. கடல் குளியலுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு குளியல். மாடுகளுக்குப் பழைய டயரைப் பாதியாக வெட்டி, அதில் கல்லுப்பு. கப்பலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எல்லாம் மறுபடியும் ஒற்றுமையாக இருக்கின்றன. ஒற்றுமைக்கு உபதேசம் போதாது, உப்பும் வைக்க வேண்டும் என்பதை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமானால் பிரேயரில் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மை வெளியே வந்துவிட்டதே, பத்திக்குப் புது போட்டோ அனுப்புங்கள் என்றார் ஆசிரியர். ஊர்வலத்தில் எடுத்த ஒன்றை அனுப்பியிருக்கிறேன். முன்னால் நடப்பது கேப்டன். அதன் வாலையே பார்த்தபடி பின்னால் நடப்பது நான். பதினோரு வருஷம் முதுகில் சுமந்த பின்னலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பின்னாலிருந்து பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது... குதிரைக்குத்தான் எடுப்பாக இருந்தது!